கதவு நடுங்கியது, குற்றம் ஸ்பிரிங்கில் இருந்தது

என் பழைய பிக்கப் வண்டியின் இடது கதவோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். சாலையில் ஒரு சிறு பள்ளம் வந்தாலும் போதும், புதிதாகப் போட்ட கண்ணாடி தடதடவென்று ஆடும். உட்பலகையை இரண்டு முறை கழற்றினேன். கண்ணாடியை உரசி நிற்கும் ஃபெல்ட் பட்டையை மாற்றினேன். கைக்கு எட்டிய திருகு ஒவ்வொன்றையும் இறுக்கினேன். கண்ணாடிக்கும் சேனலுக்கும் நடுவே ரப்பர்த் துண்டுகூடச் சொருகிப் பார்த்தேன். ஓசை கொஞ்சமும் குறையவில்லை. கண்ணாடி நான் முதன்முதலாகச் செய்த வேலை என்பதால் சந்தேகம் முழுவதும் அதன் மேலேயே இருந்தது. குற்றவாளி இரண்டடி முன்னால், சக்கரத்துக்குப் பின்னே உட்கார்ந்திருந்தான். அவனை அங்கே உட்காரவைத்ததும் நான்தான்.

வண்டி 1971ஆம் ஆண்டின் ஷெவர்லே சி10 பிக்கப். 1967 முதல் 1972 வரை வந்த உடலமைப்பு. குட்டைப் பெட்டி, அச்சுகளுக்கு இடையே 115 அங்குலம், 350 கன அங்குல வி8 எஞ்சின். என்னிடம் வந்தபோது முன் கண்ணாடியில் ஓட்டுநரின் கண்மட்டத்தில் ஒரு விரிசல் குறுக்கே ஓடியது. இடது கதவுக் கண்ணாடி முழுக்கக் கீறல். கதவின் முன்மூலையில் இருக்கும் சிறு முக்கோணக் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர், தொட்டால் கரியாக உதிர்ந்தது. மூக்கு கொஞ்சம் தூக்கலாக நின்றது. அந்தக் காலத்து வண்டிகள் அப்படித்தான் நின்றன. ஆனால் சி10 என்றால் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு.

ஆகவே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவைத்துக் கண்ணாடி வேலை, முன்பக்கத்தைத் தாழ்த்தும் வேலை இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான்கு மாதம் வண்டி சாலைக்கு இறங்கவே இல்லை. தவறு அங்கேதான் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முன் கண்ணாடி. இந்த வண்டியில் அது பசையால் ஒட்டப்பட்டதல்ல. ஒரு தடித்த ரப்பர் பீடிங் கண்ணாடியின் விளிம்பை ஒரு பள்ளத்திலும், கேபினின் தகர விளிம்பை இன்னொரு பள்ளத்திலும் கவ்விக்கொண்டிருக்கும். பழையதை எடுப்பது எளிது. வெளிப்பக்கத்து உதட்டைக் கூரான கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால், உள்ளேயிருந்து மெல்லத் தள்ளும்போது கண்ணாடி கையோடு வந்துவிடும். பீடிங்கைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஐம்பது வருடம் வெயில் தின்ற ரப்பர் திரும்பப் போட உதவாது. காப்பாற்றப் போனால் திருப்புளியால் நெம்பத் தோன்றும், நெம்பினால் தகர விளிம்பு வளையும்.

புதுப் பீடிங் வாங்கும்போது ஏமாந்தேன். சுற்றிலும் பளபளக்கும் குரோம் பட்டை உள்ள வண்டிக்கு ஒரு பீடிங், பட்டை இல்லாத வண்டிக்கு வேறொரு பீடிங். முதல் வகையில் பட்டையைச் சொருக மூன்றாவதாக ஒரு பள்ளம் இருக்கும். என் வண்டியில் பட்டை இருந்தது. வந்து சேர்ந்த பீடிங்கில் பள்ளம் இல்லை. பெட்டியைத் திறந்து பழையதன் வெட்டுமுகத்தோடு வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டிமுடித்து, பட்டையைக் கையில் எடுத்த பிறகுதான் பார்த்தேன். பழைய பீடிங்கில் ஒரு சாண் நீளம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருவதை அதோடு ஒப்பிட்ட பிறகே மற்றது.

கண்ணாடி போனதும் உண்மையான வேலை கண்ணில் பட்டது. கீழ் மூலைகள் இரண்டிலும் தகர விளிம்பு துருவேறி, விரலால் அழுத்தினால் பொரிந்தது. பழைய ரப்பர் நீரை உள்ளே விட்டு, வெளியே விடாமல் வைத்திருக்கிறது. இந்தத் துருவின் மேல் புதுப் பீடிங்கை மாட்டினால் அடுத்த மழையில் கால்மிதிப் பள்ளத்தில் குளம் கட்டும். அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் அடிப்பாகத்தில் இல்லை. கேபினுக்குள்ளே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. முன் கண்ணாடியின் விளிம்பில் தீப்பொறி பறக்கும் இடத்துக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு இருக்கை மட்டும்தான். எண்ணெய் காலியாக இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த வெற்று டேங்க்தான் வெடிக்கும். நான் இருக்கையை வெளியே எடுத்து, டேங்கைக் கழற்றித் தோட்டத்தின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, குழாயின் வாயை அடைத்து, ஒரு நாள் முழுவதும் இரு கதவுகளையும் திறந்துபோட்ட பிறகுதான் வெல்டிங் கருவியை எடுத்தேன். அரை நாள் கூடுதல் வேலை. இந்தக் கணக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வெல்டிங், அரைப்பு, பிரைமர், பெயிண்ட் எல்லாம் வழக்கமான வேலைகள். பெயிண்ட் நன்றாக இறுகும்வரை காத்திருங்கள் என்பதைத் தவிர அதில் சொல்ல எதுவும் இல்லை.

கண்ணாடியை மாட்டும் முறை பழைய வித்தை, ஆனால் பார்க்க அழகாக இருக்கும். மேசையில் கம்பளி விரித்து, கண்ணாடியைக் கிடத்தி, பீடிங்கைச் சுற்றிலும் மாட்ட வேண்டும். பிறகு, தகர விளிம்பைக் கவ்வப்போகும் பள்ளத்துக்குள் வழவழப்பான நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழ் நடுவில் ஓரடி அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிநிற்கும்படி விட வேண்டும். தகர விளிம்பிலும் ரப்பரிலும் சோப்பு நீரைத் தாராளமாகத் தடவ வேண்டும். இருவர் சேர்ந்து கண்ணாடியை வெளியிலிருந்து திறப்பில் வைக்க, ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே புரண்டு விழும். கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். விளிம்போடு சேர்த்து இழுத்தால் ரப்பர் கிழியும். ரப்பரை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்தால் பாதி வேலை குறையும்.

உள்ளே நான், வெளியே என் நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பழைய வண்டிகளோடேயே வாழ்ந்தவர். மேல் வலது மூலையில் உதடு புரளாமல் அடம்பிடித்தது. நான் திருப்புளியைத் தேடிக் கை நீட்டினேன்.

“அதைக் கீழே வை தம்பி. இது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. நடுவில் கல் பட்டாலும் தாங்கும், ஓரத்தில் இரும்பு பட்டால் தாங்காது.”

அவர் வெளியே நின்ற இடத்திலிருந்தே மூலையை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நான்கு தட்டுத் தட்டினார். நான் மேலும் சோப்பு நீர் விட்டேன். உதடு ஒரு பெருமூச்சு போலச் சத்தமிட்டு உள்ளே விழுந்தது. முன் கண்ணாடியில் பிறக்கும் விரிசல்களில் சில, மாட்டும்போது ஓரத்தில் பட்ட அடியில் தொடங்குபவை. அன்றே தெரியாது. ஒரு வாரம் கழித்துக் காலையில் பார்த்தால் நீண்டிருக்கும்.

கதவுக் கண்ணாடி வேறு ஜாதி. அது வெப்பத்தில் பதப்படுத்தப்பட்ட ஒற்றைக் கண்ணாடி. மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிற்கும். அதனால்தான் அவ்வளவு வலு, அதனால்தான் உடையும்போது ஒரேயடியாக முழுவதும் உதிர்கிறது. அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, சரியான அளவில் செய்ததைத்தான் வாங்க வேண்டும். மூலையில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள்: முன் கண்ணாடியில் ஏ.எஸ்.1 என்றும், கதவுக் கண்ணாடியில் ஏ.எஸ்.2 என்றும் இருக்கும். இரண்டாவது வகையை முன்பக்கம் போடக் கூடாது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நான். புதுக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, கையுறையை மாட்டுவதற்காக ஒரு நொடி தரையில் செங்குத்தாக நிறுத்திச் சுவரில் சாய்த்தேன். கான்கிரீட் தரை. கீழ் மூலை ஒரு மணல் பரலின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கையை எடுக்கக்கூட இல்லை. பட் என்று ஒரு சத்தம், வெடி மாதிரி இல்லை, சுள்ளி ஒடிவது மாதிரி. என் விரல்களுக்கு நடுவே இருந்த கண்ணாடி காணவில்லை. காலைச் சுற்றிக் கல் உப்புக் கொட்டியதுபோல் ஒரு குவியல். அது மேலும் சில நொடிகள் தானாகவே சடசடத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கண்ணாடி வந்தபோது அதைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கம்பளியில் கிடத்தினேன்.

கதவுக் கண்ணாடியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் முக்கோணக் கண்ணாடி வெளியே வர வேண்டும். ஏனென்றால் பெரிய கண்ணாடி ஏறி இறங்கும் முன்பக்க வழித்தடம் முக்கோணத்தின் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கிறது. கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, சட்டத்தின் திருகுகளையும், கதவுக்குள்ளே வழித்தடத்தின் அடிமுனையைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் கழற்றி, சட்டத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து மேலே உருவ வேண்டும். அந்த அடிமுனை போல்ட்டை நினைவில் வையுங்கள். கண்ணாடி இறுக்கமாக ஏறுகிறதா, தளர்வாக ஆடுகிறதா என்பதை நிர்ணயிப்பது அதுதான். வழித்தடம் பின்னுக்கு நகர்ந்தால் கண்ணாடி இறுகும், முன்னுக்கு நகர்ந்தால் தளரும். கண்ணாடியைப் பாதி ஏற்றிய நிலையில் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, பிறகு போல்ட்டை இறுக்குவது நல்லது.

பெரிய கண்ணாடியின் அடியில் இரும்புச் சேனல் ஒன்று கவ்விக்கொண்டிருக்கும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் உருளை அதற்குள் ஓடும். பழைய கண்ணாடியிலிருந்து அதைக் கழற்றும் முன், கண்ணாடியின் முன் ஓரத்திலிருந்து சேனலின் முனை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கால் அங்குலம் தவறினாலும் கண்ணாடி ஒரு தோள் உயர்ந்தாற்போல் கோணலாக ஏறும். புதுக் கண்ணாடியின் விளிம்பில் ரப்பர் நாடாவை மடித்துவைத்து, சேனலை மரக்கட்டை வைத்துத் தட்டி ஏற்ற வேண்டும். இரும்புச் சுத்தியல் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

கதவின் அடிப்பள்ளத்தை உறிஞ்சுகருவியால் சுத்தம் செய்ததில் அரைக் குவளைக் கண்ணாடித் துகள் வந்தது. யாரோ, எப்போதோ, இதே கதவில் ஒரு கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். அந்தத் துகள்கள் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் மூன்றை அடைத்திருந்தன. கதவுக்குள் மழைநீர் போவது இயல்பு, அது வெளியேற வேண்டும் என்பதற்குத்தான் துளை. வெளியேறாத நீர்தான் இந்த வண்டிகளின் கதவை அடியிலிருந்து தின்கிறது. ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

கண்ணாடிகள் முடிந்தன. குழாயை எடுத்துக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து தொடங்கினால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, வழிந்து வருகிற நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. அந்த நிமிடம் வண்டியைக் கீழே இறக்கி, தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்திருக்க வேண்டும். போகவில்லை. ஏற்கெனவே ஸ்டாண்டில்தானே நிற்கிறது என்று நேராக முன்பக்கத்துக்குப் போனேன்.

சி10இன் முன்பக்கம் 1963 முதல் காயில் ஸ்பிரிங்கில் நிற்கிறது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் முறுக்குக் கம்பி. மேலே ஒரு கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தோடு ஏறி இறங்கும் கை), கீழே ஒன்று, நடுவே இரண்டு பால் ஜாயின்ட்டுகளால் (உருண்டை மூட்டுகளால்) பிடிக்கப்பட்ட ஸ்பிண்டில், அதாவது சக்கரம் மாட்டப்படும் துண்டு. ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் அமர்ந்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைத் தாங்குகிறது. தாழ்த்த இரண்டு வழிகள் உண்டு. ஸ்பிரிங்கைக் குட்டையாக்குவது ஒன்று. சக்கரம் சுழலும் தண்டு வழக்கத்தைவிட இரண்டரை அங்குலம் மேலே வார்க்கப்பட்ட ஸ்பிண்டிலைப் போடுவது இன்னொன்று. இரண்டாவதற்குக் காசும் காத்திருப்பும் வேண்டும். முதலாவதற்கு வெட்டும் சக்கரம் ஒன்று போதும், அது என்னிடம் இருந்தது.

ஒரு முழுச் சுற்றை வெட்டினேன். தீயால் அல்ல, வெட்டும் சக்கரத்தால். அந்த அளவுக்கு அறிவு இருந்தது. தீ வைத்தால் எஃகின் பதம் போய்விடும், பிறகு ஸ்பிரிங் தானாகவே அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் தெரிந்திருக்க வேண்டிய வேறு இரண்டு விஷயங்களை நான் யோசிக்கவில்லை. ஸ்பிரிங் ஆர்மின் நடுவாக்கில் அமர்ந்திருக்கிறது, சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கிறது. ஆகவே ஸ்பிரிங் ஒரு அங்குலம் குறைந்தால் வண்டி ஒரு அங்குலத்துக்கும் அதிகமாக இறங்கும். அடுத்து, சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் ஏறத்தாழ 14 சதவீதம் விறைப்பு கூடுகிறது. வண்டி மூன்றரை அங்குலம் இறங்கியது. பார்க்க என்ன அழகு! அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து புகைப்படம் எடுத்தேன்.

முதல் நாள் ஓட்டியபோதே கதவு தடதடத்தது.

மூன்றாவது வாரத்தின் முடிவில் நண்பர் வந்தார். நான் கதவின் உட்பலகையை மூன்றாவது முறையாகக் கழற்றத் தயாராக இருந்தேன். அவர் கதவைப் பார்க்கவே இல்லை. முன்பக்கம் போய், இரு கைகளையும் ஃபெண்டரில் ஊன்றி, உடலின் முழு எடையோடு ஒரு அமுக்கு அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம். கண்ணாடி நடுங்கியது. பிறகு டார்ச்சை வாங்கிச் சக்கரத்துக்குள் அடித்துக் காட்டினார். கீழ் ஆர்ம் அளவுக்கு மேல் ஏறும்போது தடுக்கிற ரப்பர்க் கட்டைக்கும் ஆர்முக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழையும் இடம்தான் இருந்தது. ரப்பரின் முகம் அடிபட்டு அடிபட்டுப் பளபளவென்று மெருகேறியிருந்தது.

“உன் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை தம்பி. இந்த ரப்பர்க் கட்டையில் ஓடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் சேசிஸைச் சுத்தியலால் அடிக்கிறாய். கண்ணாடி ஆடாமல் என்ன செய்யும்?”

இரண்டு வேலைகளுக்கும் நடுவே ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் கதவு அமைதியாக இருந்ததை என் காதே சொல்லியிருக்கும். மூன்று வாரம் மிச்சம். இப்போதெல்லாம் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் ஒரு வேலை முடிந்ததும் வண்டியை இறக்கி ஓட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறேன்.

இரண்டாம் முறை முறையாகச் செய்தேன். வெட்டாத, வழக்கமான உயரமுள்ள ஸ்பிரிங் ஒரு ஜோடி, இரண்டரை அங்குலம் தாழ்த்தும் ஸ்பிண்டில் ஒரு ஜோடி. இந்த ஸ்பிண்டிலின் நன்மை என்னவென்றால், சக்கரம்தான் மேலே போகிறது, ஆர்ம்களின் கோணம் மாறுவதில்லை. ரப்பர்க் கட்டையின் இடைவெளி தொழிற்சாலை விட்ட அளவிலேயே இருக்கிறது. ஷாக் அப்சார்பரின் அடிமுனை கீழ் ஆர்மில் பொருந்துவதால் பழைய நீளமே போதும், குட்டை ஷாக் தேட வேண்டாம். இந்த ஸ்பிண்டில் டிஸ்க் பிரேக்குக்கு ஆனது என்பதால், வண்டி 1971 என்பது இங்கே கைகொடுத்தது. அந்த ஆண்டுதான் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது, சக்கரப் போல்ட்டுகளும் ஆறிலிருந்து ஐந்தாயின. 1970 வரையிலான டிரம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் டிஸ்க்குக்கு மாறும் வேலையையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

தொடங்கும் முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து அல்ல, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டரின் வளைவு விளிம்புவரை. தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று உங்களை ஏமாற்றும்.

ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையில் ஒரு எச்சரிக்கை. வண்டியின் முன்பாதியைத் தாங்கும் விசை அமுங்கிய நிலையில் அதற்குள் இருக்கிறது. தப்பி வெளியே பாய்ந்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. நான் செய்த வரிசை இது: பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசிஸின் அடியில் ஸ்டாண்ட் நிறுத்தி, கீழ் ஆர்மின் நுனிக்கு அடியில் உருளும் ஜாக்கியை வைத்து ஸ்பிரிங்கைத் தாங்கச் செய்தேன். ஸ்பிரிங்கின் நடுவே ஒரு கனத்த சங்கிலியை விட்டுச் சேசிஸோடு கோத்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் சேசிஸில் தொங்கவிட்டேன். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் பிய்யும், வெளியே தெரியாது. பிறகு பால் ஜாயின்ட் நட்டுகள் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவி, நட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தினேன். முழுவதும் கழற்றவில்லை. ஜாயின்ட்டின் தண்டு கூம்பு வடிவில் ஸ்பிண்டிலின் துளையில் இறுகியிருக்கும். அதை விடுவிக்க ஸ்பிண்டிலின் பக்கவாட்டில், தண்டு நுழையும் தடித்த பகுதியில் கனமான சுத்தியலால் அடிக்க வேண்டும். தண்டின் தலையில் அல்ல. ஆறாவது அடியிலோ ஏழாவது அடியிலோ டொப் என்று விடுபட்டு நட்டின் மேல் வந்து நின்றது. நட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், ஜாக்கியும் கொஞ்சம் நழுவியிருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதன்பின் நட்டை எடுத்துவிட்டு, ஜாக்கியை அங்குலம் அங்குலமாக, பக்கவாட்டில் நின்றபடி இறக்கினேன். ஆர்ம் கீழே வரும்போது வளைவாக நகரும், ஜாக்கியும் அதோடு உருள வேண்டும். அதன் சக்கரங்களுக்கு முன்னே ஒரு கல்லோ துணியோ கிடந்தாலும் பிடி நழுவும். தரையை முதலில் பெருக்குங்கள். ஸ்பிரிங்கின் அடிமுனை ஆர்மிலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். வலப்பக்கத்தில் முனை குழியை விட்டுத் தள்ளி நின்றதை நான் கவனிக்காமல், அந்தப் பக்கம் மட்டும் அரை அங்குலம் உயர்ந்து நிற்க, எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம்.

காட்டர் பின்னுக்குத் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பின் எப்போதும் புதியதே. சக்கரத்தை மாட்டிவிட்டுக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். சக்கரம் சுழலும் தண்டு மேலே போனதால், சக்கரத்தின் மையத்தைப் பொறுத்தவரை கீழ் பால் ஜாயின்ட் இரண்டரை அங்குலம் கீழே வந்துவிட்டது, ரிம்மின் உட்பக்கத்துக்கு அவ்வளவு நெருக்கம். என் 15 அங்குல ரிம் தப்பித்தது. சிறிய ரிம் உரசும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடவில்லை, டயரில் படவில்லை என்று பார்த்துக்கொண்டேன்.

சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கட்டாயம். இரு முன்டயர்களுக்கு இடையே உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, டயர்களின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் ஓரளவு சமமாக்கி, அலைன்மென்ட் பார்க்கும் இடம்வரை மெதுவாகப் போனேன். இந்த வண்டியில் மேல் ஆர்மின் தண்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். முன் போல்ட்டிலும் பின் போல்ட்டிலும் சம அளவு கூட்டினாலோ குறைத்தாலோ கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) மாறும், ஒன்றில் அதிகம் ஒன்றில் குறைவு என்றால் கேஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்னே பின்னே சாயும் கோணம்) மாறும். ஆர்ம் கோணம்தான் மாறவில்லையே, பிறகு எதற்கு என்று கேட்கலாம். மூக்கு மட்டும் இரண்டரை அங்குலம் இறங்கிப் பின்பக்கம் அப்படியே நின்றால், 115 அங்குல நீளத்தில் முழுச் சேசிஸும் ஏறத்தாழ ஒன்றேகால் டிகிரி முன்னோக்கிச் சாய்கிறது. கேஸ்டரில் அந்த ஒன்றேகால் டிகிரி அப்படியே கழிந்துவிடும். வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேராக வரும் குணம் குறைவதற்கு அதுதான் காரணம்.

இப்போது கதவு வாயே திறப்பதில்லை. மூன்று வாரச் சண்டையில் சொருகிய ரப்பர்த் துண்டுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். நண்பர் வந்து ஃபெண்டரை அமுக்கிப் பார்த்தார். வண்டி மெத்தென்று இறங்கி ஏறியது. ஒன்றும் சொல்லாமல் கை துடைத்துக்கொண்டார்.

இரவில் ஓட்டியபோதுதான் விளக்கு ஞாபகம் வந்தது. அதே ஒன்றேகால் டிகிரி சாய்வு ஹெட்லைட்டுக்கும் உண்டு. 25 அடி தள்ளியிருக்கும் சுவரில் ஒளி ஆறரை அங்குலம் கூடுதலாகக் கீழே விழுகிறது. சாலையில் நாலு வண்டி நீளம்தான் தெரிந்தது. சமதரையில் சுவருக்கு முன் நிறுத்தி, விளக்கு மையத்தின் உயரத்துக்கு ஒரு கோடு ஒட்டி, திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். வேலை முடிந்ததும் எதற்கோ வண்டியைத் தூக்க வேண்டியிருந்தது. ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனால் முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நுழையவில்லை. முதலில் இரண்டு பலகைகளைப் போட்டு வண்டியை அவற்றின் மேல் ஏற்றி, பிறகுதான் ஜாக்கியை நுழைக்க முடிந்தது. அந்தப் பலகைகள் இப்போது வண்டியின் பெட்டியிலேயே கிடக்கின்றன.